உள் டயரும் வெளி டயரும் உரசுமா?

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

பழைய மோட்டார்ஹோம்களின் (வீட்டு வசதியோடு கட்டிய வண்டிகளின்) பின்பக்க ஜோடி டயர்களைப் பற்றி வட அமெரிக்க வாசகர்களிடமிருந்து பல கேள்விகள் வந்திருக்கின்றன. இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே.

கேள்வி: நாங்கள் வாங்கின மோட்டார்ஹோம் 1994ஆம் ஆண்டு ஃபோர்டு இ-350 சேஸியில் கட்டினது. 27 அடி நீளம். பின்னுக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு ரயர், எல்லாம் எல்டி225/75ஆர்16. ஒயில் மாத்தப் போன இடத்தில், "உள் ரயருக்கும் வெளி ரயருக்கும் இடையில் இடம் காணாது, கவனம்" என்று சொல்லி அனுப்பினார்கள். நான் பார்த்தால் மேல்பக்கத்தில் இரண்டு விரல் தாராளமாய் நுழையுது. இது போதாதோ? எப்பிடி அளந்து பார்க்கிறது?
– வாசகர், ஸ்கார்பரோ

பதில்: இரண்டு விரல் நுழைந்தது மேல்பக்கத்தில். அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. டயர் தரையில் அழுந்தும் இடத்தில்தான் அதன் பக்கச் சுவர் பிதுங்கும். ஜோடி டயரில் இரண்டு சுவர்கள் ஒன்றையொன்று பார்த்துப் பிதுங்குகின்றன. அதனால் மேலே 30 மி.மீ. இருக்கும் இடைவெளி கீழே பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்குவது இயல்பே. அந்தச் சுருக்கத்துக்கும் இடம் விட்டுத்தான் டயர் கம்பெனிகள் அளவு சொல்கின்றன.

அவர்கள் சொல்வது இடைவெளியின் அளவு அல்ல. ஒரு டயரின் நடுக்கோட்டிலிருந்து பக்கத்து டயரின் நடுக்கோடு வரை உள்ள தூரம். ஒவ்வொரு டயர் மாடலுக்கும் கம்பெனியின் விவரப் புத்தகத்தில் 'மினிமம் டூயல் ஸ்பேசிங்' என்ற பத்தியில் இந்த எண் இருக்கும். உங்கள் எல்டி225/75ஆர்16 அளவுக்கு அது 10 இஞ்சை ஒட்டி வரும். கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும் என்பதால் உங்கள் டயரின் பெயரையும் மாடலையும் சொல்லி அதற்குரிய எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பெரிய லாரி டயரான 11ஆர்22.5 என்றால் 12.5 இஞ்ச். டயரின் அகலத்தோடு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு சேர்த்தால் இந்த எண் கிடைக்கும் என்று தோராயமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அளப்பதற்கு முன் வண்டியைப் பயணத்துக்குப் போகும் நிலையில் நிறுத்துங்கள். குடிநீர்த் தொட்டி, பெட்ரோல், சமையல் எரிவாயு, சாமான், முடிந்தால் பயணிகளும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 150 லிட்டர் தொட்டி நிறைந்தால் 150 கிலோ. இந்த வண்டிகளில் பின் அச்சுக்குப் பின்னால் நீளமான உடல் தொங்குவதால், அங்கே சைக்கிள் மாட்டினாலோ டிரெய்லர் இழுத்தாலோ ஏற்றிய எடையைவிடக் கூடுதலான பாரம் பின் அச்சில் இறங்கும். அந்தக் கூடுதல் அளவு முன் அச்சிலிருந்து குறையும். காலி வண்டியில் அளந்து கிடைத்த எண் பயணத்தில் உதவாது என்பதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது காற்று. காலையில் ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கு பின் டயர்களையும் கேஜ் வைத்துப் பாருங்கள். எத்தனை பவுண்டு என்பது ஓட்டுநர் கதவருகே உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். ஒரே ஜோடியில் இரண்டுக்கும் 5 பவுண்டுக்கு மேல் வித்தியாசம் கூடாது. இதைச் சரிசெய்யாமல் இடைவெளியை அளந்தால், காற்று குறைந்த டயரின் பிதுக்கத்தைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

இப்போது டேப்பை எடுக்கலாம். வண்டி சமதரையில் நிற்கட்டும். பார்க்கிங் பிரேக் போட்டு முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் அடைக்கட்டை வையுங்கள். வண்டியின் பின்னாலிருந்து, டயரின் பாதி உயரத்தில், இரண்டு டயர்களின் பட்டன் (தரையில் படும் வரிப்பள்ளமுள்ள பகுதி) மீதும் படும்படி ஒரு நேரான சட்டத்தைக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும். வெளி டயரின் வெளி ஓரத்திலிருந்து உள் டயரின் வெளி ஓரம் வரை அளந்தால் அதுவே நடுக்கோட்டுத் தூரம். நடுவைத் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டும் ஒரே மாடல், ஒரே தேய்மானம் என்றால் மட்டுமே இந்தக் குறுக்குவழி செல்லும். வேறு வேறு டயர் என்றால் இரண்டின் நடுப்பள்ளத்தையும் சாக்பீஸால் குறித்து அளக்க வேண்டும்.

அதே இடத்தில் இன்னொரு கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். நடுக்கோட்டுத் தூரம் 254 மி.மீ., டயரின் அகலம் 223 மி.மீ. என்றால் பாரம் விழாத மேல்பக்கத்தில் 31 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். உங்கள் இரண்டு விரல் கணக்கு இதோடு ஒத்துப்போகிறது. அதாவது ரிம் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். கடைக்காரர் பார்த்தது கீழ்ப்பக்கத்தை என்றால், சந்தேகம் காற்றின் மீதும் எடையின் மீதும் திரும்புகிறது.

கீழ்ப்பக்கத்தை அளக்க விரலை நுழைக்காதீர்கள். 6, 8, 10, 12 மி.மீ. தடிமனுள்ள மரச் சட்டங்களை வெட்டி வைத்துக்கொண்டு, தரையை ஒட்டிப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக நுழைத்துப் பாருங்கள். எங்கள் கணக்கில் 10 மி.மீ. சட்டம் தடையில்லாமல் போனால் கவலை இல்லை. 6 மி.மீ. சட்டமே இறுகினால் வண்டியைப் பயணத்துக்கு எடுக்கக் கூடாது. ரோட்டுப் பள்ளத்தில் விழும்போது பிதுக்கம் நிற்கும்போது இருப்பதைவிட அதிகம்.

ஓரிடத்தில் அளந்ததோடு நிறுத்திவிடாமல், வண்டியைக் கால் சுற்று உருட்டி உருட்டி நான்கு இடத்தில் அளக்க வேண்டும். நான்கிலும் ஒரே எண் வந்தால் நல்லது. ஓரிடத்தில் 14, இன்னோரிடத்தில் 8 என்று ஆடினால் ரிம் வளைந்திருக்கிறது, அல்லது டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை, அல்லது இரண்டு ரிம்களுக்கும் நடுவே துருவோ பெயின்ட்டோ அடைத்துக்கொண்டிருக்கிறது. பளபளப்பான எவர்சில்வர் வீல் மூடிகளின் கிளிப்பை ரிம்களுக்கு நடுவே வைத்து முடுக்கிவிடுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் நட் நாளடைவில் தளரும்.

கடைசிச் சோதனைக்கு சாக்பீஸ் போதும். நீளமான குச்சி நுனியில் சாக்பீஸைக் கட்டி, எதிரெதிரே பார்க்கும் இரண்டு பக்கச் சுவர்களிலும் அகலமான பகுதியின் குறுக்கே பல இடங்களில் கோடு கிழியுங்கள். முழுப் பாரத்தோடு வளைவும் மேடுபள்ளமும் உள்ள ரோட்டில் 15, 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கோடுகள் அப்படியே இருந்தால் உரசவில்லை. நடுவில் மட்டும் வட்டமாக அழிந்திருந்தால் உரசுகிறது. ஈர ரோட்டில் இந்தச் சோதனை பலிக்காது.

சாக்பீஸ் போடுவதற்கு முன்பே டயர் காட்டிக்கொடுப்பதும் உண்டு. நெடுநாள் உரசிய சுவரில் மங்கலான கறுப்புக்கு நடுவே பளபளவென்று ஒரு வளையம் தெரியும். ரிம் மடிப்பில் மைபோன்ற ரப்பர்த் தூள் படிந்திருக்கும். வளையத்தைத் தடவும்போது மெல்லிய இழைகள் கையில் தட்டுப்பட்டால் ரப்பர் போய் நூலே வெளியே வந்துவிட்டது. அந்த இரண்டு டயர்களையும் கழற்றி ஒதுக்குங்கள். ரிம்மைச் சரிசெய்தாலும் அவற்றை மறுபடி போடக் கூடாது.

இவ்வளவு கறார் ஏன் என்றால், உள் டயருக்குக் காற்றோட்டம் குறைவு. உரசும் சூடு வெளியேற வழியில்லை. உள் டயர் வெடித்தால் அதன் ரப்பர்ப் பட்டை சக்கரக் கூட்டில் உள்ள தரைப்பலகையையும் ஒயரையும் கழிவுநீர்க் குழாயையும் கிழித்துக்கொண்டு போகும். சில வண்டிகளில் எரிவாயுக் குழாயும் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. மிச்சமிருக்கும் வெளி டயரின் நிலைமையையும் பாருங்கள். உங்கள் அளவில் 'இ' லோடு ரேஞ்ச் (டயர் தாங்கும் பாரத்தைக் காட்டும் தரக் குறியீடு) டயர் 80 பவுண்டு காற்றில் தனியாகத் தாங்குவது 1,215 கிலோ. ஜோடியில் ஒவ்வொன்றும் 1,120 கிலோ. ஜோடி முழுப் பாரத்தில் ஓடிக்கொண்டிருந்தால், ஒன்று போன நொடியில் மற்றதன் தலையில் 2,240 கிலோ.

எடையை ஊகிக்க வேண்டாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடையில் முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாகச் சீட்டில் அச்சாகி வரும். செலவு அதிகமில்லை. டயரையும் ரிம்மையும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் இ-350யில் நடுக்கோட்டு அளவு வலது பக்கம் 10 இஞ்ச், இடது பக்கம் 9½ இஞ்ச்தான் வருகிறது. முன்பு வைத்திருந்தவர் இடப்பக்கம் ஒரு ரிம்மைப் பழைய வாகனக் கடையிலிருந்து வாங்கி மாட்டினாராம். இரண்டு ரிம்களுக்கும் நடுவே அரை இஞ்ச் ஸ்பேசர் தட்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். போடலாமா?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: வேண்டாம். ரிம்மை மாற்றுங்கள்.

எட்டு நட், 6½ இஞ்ச் வட்டம் என்ற துளை அமைப்பு அந்தக் காலத்து ஃபோர்டு, ஷெவர்லே, டாட்ஜ் மூன்றிலும் ஒன்றுதான். அதனால் எதன் ரிம்மும் எதிலும் ஏறிவிடும். நடுத் துளையின் விட்டமும் ஆஃப்செட்டும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஒட்டும் முகம் வரையுள்ள தூரம்) மட்டும் வேறு. ஏறிவிட்டது, நட் முடுக்கியாயிற்று என்று விட்டுவிடுகிறார்கள்.

எந்த ரிம் தவறானது என்று கண்டுபிடிக்க டயர் ஏற்றாத ரிம் போதும். ஜோடி ரிம்களில் நடுத்தட்டு ஒரு பக்கமாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும். வண்டியில் இரண்டு ரிம்களின் துருத்திய முகங்களும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. அந்த முகம் கீழே இருக்கும்படி ரிம்மைச் சமமான சிமெண்ட் தரையில் வைத்து, தரையிலிருந்து மேல் விளிம்பு வரை உயரத்தை அளக்க வேண்டும். பிறகு ரிம்மின் விளிம்பிலிருந்து விளிம்பு வரையான மொத்த அகலத்தை அளந்து, அதில் பாதியைக் கழிக்க வேண்டும். 6 இஞ்ச் ரிம் என்றால் விளிம்புகளோடு சேர்த்து ஏறக்குறைய 7 இஞ்ச் வரும். பாதி 3½. உயரம் 8½ இருந்தால் மிச்சம் 5. இதுவே அந்த ரிம்மின் ஆஃப்செட். இரண்டு ரிம்களின் ஆஃப்செட்டையும் கூட்டினால் நடுக்கோட்டுத் தூரம். ஐந்தும் ஐந்தும் பத்து. உங்கள் இடப்பக்கத்தில் ஒரு ரிம் நாலரைதான் காட்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதற்குப் பதிலாக வண்டிக்கே உரிய இன்னொரு ரிம்மைத் தேடி வாங்குங்கள். 6 இஞ்ச், 7 இஞ்ச் ரிம்களைக் கலக்கவும் கூடாது. ரிம் அரை இஞ்ச் அகலமானால் அதே டயர் 5 மி.மீ. அகன்றுவிடும்.

ஸ்பேசரில் என்ன தப்பு? அரை இஞ்ச் தட்டு வைத்தால் வெளி ரிம் அரை இஞ்ச் வெளியே போகும். நட்டுக்குக் கிடைக்கும் மரையில் அரை இஞ்ச் குறையும். ஸ்டட்டின் (நட் ஏறும் மரைத் தண்டின்) விட்டம் 9/16 இஞ்ச். குறைந்தது அந்த விட்டத்தளவு நீளத்துக்காவது மரை பிடித்திருக்க வேண்டும். பழைய ஸ்டட்டில் ஸ்பேசரும் வைத்து அது கிடைக்கிறதா என்பது சந்தேகமே. ஸ்டட்டை நீளமானதாக மாற்றாமல் ஸ்பேசர் மட்டும் விற்கிற கடையில் வேறு எதுவும் வாங்காமல் வருவது நல்லது. நடு வளையத்தில் உட்கார வேண்டிய ரிம்மானால் ஸ்பேசரிலும் அந்த வளையம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ரிம் நடுவில் நிற்காமல் ஸ்டட்டில் தொங்கும். வெளி டயர் சக்கரக் கூட்டின் ஓரத்தில் உரசும் ஆபத்து தனி.

ரிம் மாற்றும்போது ஒட்டும் முகங்களைக் கம்பி பிரஷால் துருபோகத் தேய்த்துத் துடையுங்கள். புதிதாகப் பெயின்ட் அடிக்க வேண்டாம். நட்டை ஏர் கன்னால் முடுக்கி முடிக்காமல், நேரெதிர் வரிசையில் டார்க் ரென்ச்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடுக்குங்கள். 9/16 ஸ்டட்டுக்கு ஃபோர்டு அளவு 140 அடி-பவுண்டு. சுமார் 150 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி சரிபார்க்க வேண்டும். ஜோடி ரிம்மில் இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்வதால் முதல் ஓட்டத்தில் சற்றுத் தளர்வது வழக்கம்.

கேள்வி: எங்கள் இ-350யில் எல்டி225/75ஆர்16க்குப் பதில் கொஞ்சம் பெரிய டயராக எல்டி245/75ஆர்16 போட்டால் பாரம் கூடுதலாகத் தாங்குமே? ரிம் அதேதான்.
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: டயர் தாங்கும், ஜோடியில் இடம்தான் போதாது. பின்னால் போட்டால் 25 மி.மீ. அகலம் கூடும். 31 மி.மீ. இடைவெளியில் அதைக் கழித்தால் மேல்பக்கத்திலேயே 6 மி.மீ.தான் மிஞ்சும். கீழே ஒட்டிக்கொள்ளும். அந்த டயருக்குத் தேவையான நடுக்கோட்டுத் தூரம் 11 இஞ்சை ஒட்டியது. உங்கள் ரிம் கொடுப்பது 10. இடமிருந்தால் போக வேண்டிய பக்கம் உயரம். எல்டி215/85ஆர்16 டயர் 225ஐவிடச் சற்று ஒல்லி, ஓர் இஞ்ச் உயரம் கூடுதல், தாங்கும் எடை அதேதான். இடைவெளி குறைந்து திண்டாடும் பழைய வண்டிக்கு இது உறுத்தாத மாற்று. ஆனால் ஆறையும் மாற்றியாக வேண்டும். ஜோடிக்குள் கலப்பது கூடாது.

கேள்வி: 1984ஆம் ஆண்டு ஷெவர்லே பி-30 சேஸி மோட்டார்ஹோம். டயரில் 8.75ஆர்16.5 என்று இருக்கிறது. இந்த அளவில் நல்ல டயர் எங்கும் இல்லை. 16 இஞ்ச் டயரையே ஏற்றிவிடலாம், அரை இஞ்ச்தானே என்கிறார் ஒரு நண்பர்.
– வாசகர், சான் ஹோசே

பதில்: அந்த அரை இஞ்ச் ஆளைக் கொல்லும். 16.5 ரிம்மில் டயர் உட்காரும் இடம் 15 டிகிரி சாய்வாக இருக்கும். 16 இஞ்ச் டயரின் ஓரக் கம்பி அந்தச் சாய்வில் ஏறி உட்காரவே உட்காராது. உட்கார வைக்கிறேன் என்று காற்றை ஏற்றிக்கொண்டே போனால் கம்பி அறுந்து டயர் வெடிக்கும். டயர்க் கடைகளில் இப்படி உயிர் போயிருக்கிறது. நண்பரின் யோசனையைக் கேட்டு எந்த ஊழியரையும் வற்புறுத்தாதீர்கள்.

செய்ய வேண்டியது ஆறு ரிம்களையும் மாற்றுவது. 16 இஞ்சுக்கு மாறலாம். பலர் 19.5 ரிம்முக்குப் போய் 225/70ஆர்19.5 டயர் போடுகிறார்கள். அது லாரி ரக டயர். சுவர் விறைப்பானது, பிதுக்கம் குறைவு. வண்டி சற்றே குதிக்கும். எதற்கு மாறினாலும் வாங்குவதற்கு முன்பே ஆஃப்செட்டை இரட்டித்துப் புதிய டயரின் மினிமம் டூயல் ஸ்பேசிங்கோடு ஒப்பிடுங்கள். ரிம் எத்தனை பவுண்டு காற்றும் எவ்வளவு எடையும் தாங்கும் என்று அதிலேயே பதித்திருக்கும். டயர் தாங்குவது மட்டும் போதாது. உள் டயருக்கும் சேஸிக்கும், உள் டயருக்கும் பிரேக் ஹோஸுக்கும் நடுவே ஓர் இஞ்சாவது மிஞ்ச வேண்டும். பழைய டயர் ஏறக்குறைய 29½ இஞ்ச் உயரம், 19.5 டயர் 32. ஸ்பீடாமீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி 65ல் போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: பின் டயர் நான்கில் இரண்டு போய்விட்டன. இரண்டு மட்டும் புதிதாக வாங்கி, பழைய இரண்டையும் உள்ளே போட்டு, புதியதை வெளியே போடலாமா?
– வாசகர், மிசிசாகா

பதில்: ஒரு ஜோடியில் இருக்கும் இரண்டு டயர்களும் ஒரே சக்கரமாகச் சுற்றுகின்றன. ஒன்று சிறியதென்றால் அது ஒவ்வொரு சுற்றிலும் தரையில் இழுபடும். 744 மி.மீ. விட்டமுள்ள டயரில் 6 மி.மீ. வித்தியாசம் என்றால் கிலோமீட்டருக்கு 8 மீட்டர் வித்தியாசம். பெரியது பாரத்தைத் தூக்கும், சிறியது தேயும்.

உங்கள் ரக டயருக்கு விட்டத்தில் கால் இஞ்ச், சுற்றளவில் முக்கால் இஞ்ச்தான் எல்லை. 9.00-20, 10ஆர்22.5 முதல் பெரிய லாரி டயர்களுக்கு அதில் இரு மடங்கு. சுற்றளவை அளப்பதே சுலபம். டயர்களில் ஒரே அளவு காற்றடித்து ஒரு நாள் விட்டு, பட்டன் நடுவில் இரும்பு டேப்பைச் சுற்றி அளந்து, பக்கச் சுவரில் சாக்பீஸால் எழுதிவையுங்கள். எல்லைக்குள் இருந்தால் சிறியதை உள்ளேயும் பெரியதை வெளியேயும் போடலாம். ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருப்பதால் உள் டயருக்கு இயல்பாகவே பாரம் கூடுதல். எல்லையைத் தாண்டினால் புதிய இரண்டையும் ஒரே ஜோடியாக ஒரு பக்கமும், பழைய இரண்டையும் மறுபக்கமும் போடுங்கள்.

அதற்கு முன் பழைய டயரின் வயதைப் படியுங்கள். டயரின் பக்கச் சுவரில் 'டிஓடி' என்று தொடங்கும் குறியீட்டின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மூன்றே இலக்கம் என்றால் 2000க்கு முந்தைய டயர், அதை அளக்கவே வேண்டாம். மோட்டார்ஹோம் ஆண்டில் பாதி நாள் நிற்கும் வண்டி. பட்டன் புதிதுபோல இருக்கும், ரப்பர் செத்திருக்கும். ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுக்கொருமுறை கடையில் காட்டுவதும், பத்தாவது வருடம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதும் முறை. அந்தக் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் நான்கும் வாங்க வேண்டியதுதான்.

கேள்வி: உள் டயரின் வால்வு கைக்கு எட்டவே மாட்டேன் என்கிறது. ஊரில் லாரி டிரைவர்கள் ராடால் தட்டியே காற்று இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்களே?
– வாசகர், டாலஸ்

பதில்: நாமக்கல் லாரி டிரைவர் ராடால் தட்டும்போது, காற்றே இல்லாத டயர் 'பொத்' என்று சொல்லும். அவ்வளவுதான். 80க்கும் 60க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் காதும் சொல்லாது. அந்த வித்தியாசத்தில்தான் சுவர் பிதுங்கி உரசத் தொடங்கும். வெளி டயர் தூக்கிப் பிடிப்பதால் உள் டயர் காலியானதே வெளியே தெரியாது.

வால்வை நீட்ட மாட்டும் கம்பி பின்னிய ஹோஸ் எக்ஸ்டென்ஷன்களில் இணைப்பு கூடக்கூடக் கசிவும் கூடும். டயர் கழற்றும்போது வால்வையே நீளமான வளைந்த உலோகத் தண்டாக மாற்றச் சொல்லுங்கள். வெளி ரிம்மின் கைத்துளையும் உள் ரிம்மின் கைத்துளையும் நேராகவும், இரண்டு வால்வுகள் எதிரெதிர்ப் பக்கத்திலும் வரும்படி மாட்டினால் கேஜ் எட்டும். நீளக் கழுத்துள்ள, இருபக்கமும் வாயுள்ள டூயல் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள்.

உள் டயரில் சொல்லப்பட்ட காற்றில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்கக் கண்டால், அதாவது 80 பவுண்டுக்கு 64 அல்லது அதற்குக் கீழ், அது பஞ்சரான டயரே. அந்த நிலையில் ஓடியிருந்தால் அப்படியே காற்றடிக்காதீர்கள். காற்றை முழுக்க இறக்கிய பிறகே நட்டைத் தளர்த்தி, கழற்றி உள்ளே பார்த்து, இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் மறுபடி காற்றடிக்க வேண்டும். இது கடையின் வேலை.

கேள்வி: ஜல்லி ரோட்டில் போனால் இரண்டு டயருக்கும் நடுவில் கல் மாட்டிக்கொள்கிறது. இடைவெளி குறைவு என்று அர்த்தமா?
– வாசகர், எட்மன்டன்

பதில்: இல்லை. சரியான இடைவெளியிலும் மாட்டும். ஆனால் உடனே எடுத்தாக வேண்டும். பக்கச் சுவரை அறுக்கும், வேகத்தில் தெறித்தால் பின்னால் வருபவரின் கண்ணாடியை உடைக்கும். கடப்பாறையால் நெம்பி வராவிட்டால் ஜாக்கி வைத்து வெளிச் சக்கரத்தைக் கழற்றுங்கள். வண்டியை மட்டப்படுத்தப் பலகை வைக்கும்போதும் கவனம் தேவை. பலகை இரண்டு டயர்களுக்கும் அடியில் முழுதாக வர வேண்டும். வெளி டயருக்கு மட்டும் கட்டை வைத்தால் ஜோடியின் மொத்தப் பாரமும் அதன்மேல் ஏறிவிடும்.

கேள்வி: 1982ஆம் ஆண்டு டொயோட்டா குட்டி மோட்டார்ஹோம் விலைக்கு வருகிறது. பின்னால் ஜோடி டயர், ஆனால் சக்கரத்துக்கு ஐந்து நட்தான். ஜோடி டயர் இடைவெளியை எப்படிச் சரிபார்ப்பது?
– வாசகர், ஒட்டாவா

பதில்: டேப்பை எடுக்கவே வேண்டாம். ஐந்து நட் என்றால் அது சிறிய பிக்கப்பின் அச்சு. அதன்மேல் அடாப்டர் மாட்டி இரண்டு சக்கரமாகக் காட்டியிருக்கிறார்கள். டயர் நான்கானாலும் அச்சும் பேரிங்கும் ஸ்டட்டும் அந்த எடைக்கானவை அல்ல. இவற்றில் ஸ்டட் முறிந்தும் பேரிங் போயும் சக்கரம் கழன்ற விபத்துகள் நடந்திருக்கின்றன. ஆறு நட் உள்ள ஃபுல் ஃப்ளோட்டிங் (எடையைச் சுழலும் தண்டு அல்ல, அதைச் சுற்றிய உறையே தாங்கும்) பின் அச்சுக்கு மாற்றிய வண்டி கிடைத்தால் பாருங்கள். அதில் சக்கர நடுவே அச்சின் தலை வெளியே துருத்திக்கொண்டு, அதைச் சுற்றிச் சிறு போல்ட்டுகள் தெரியும். விற்பவர் "மாற்றியாயிற்று" என்று சொன்னால் வீல் மூடியைக் கழற்றச் சொல்லி அதைக் கண்ணால் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.